பேசாமல் வைத்த குரல்

ஜனவரி 8, திங்கள்

பெரிய பேரன், மகள் வயிற்றுப் பிள்ளை, டாக்டர் படிப்பு நாலாம் வருஷம். போன மாதம் முதல் தடவையாக ஆபரேஷன் நடக்கிற அறைக்குள் நின்று பார்த்தானாம். கூட நின்றவன் மயங்கி விழுந்தானாம், இவன் விழவில்லை. அவன் தம்பிக்குக் கம்ப்யூட்டர். படிப்பே முடியவில்லை, அதற்குள் இரண்டு கம்பெனி வா வா என்கின்றன. அவர்கள் தங்கைக்கு நீச்சலில் மூன்று கோப்பை. வைக்க இடமில்லாமல் தனியாக ஓர் அலமாரி வாங்கியிருக்கிறார்கள்.

கடைசியாக என் மகனுடைய மகள் சிட்டு. எட்டு வயது. இங்கே, கடல் தாண்டி, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு —

இதோடு பேனா நின்றுவிட்டது.

ஞாயிறுதோறும் தங்கச்சி போன் செய்வாள். அவளிடம் சொல்ல வேண்டியதை இப்படி முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் அவள் தன் பேரன் புராணத்தை எடுத்துவிடுவாள், எனக்கு வாய் திறக்க இடம் கிடைக்காது. சிட்டுவுக்கு என்ன எழுதுவது? ஆகஸ்டில் வந்தோம். ஐந்து மாதமாகப் பள்ளிக்கூடத்தில் ஒரு சொல் பேசவில்லையாம். வீட்டுக்கு வந்தால் என்னிடம் மட்டும் தமிழில் கொஞ்சம். அதுவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. இந்தக் குளிர் வந்த நாளிலிருந்து அவளுக்கு ஜலதோஷம் விடவில்லை.

அங்கே இருந்தபோது வாய் ஓயுமா? பஸ்ஸில் போனால் கடைப் பலகை ஒன்று விடாமல் சத்தமாகப் படிப்பாள். யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே பேசிக் காட்டுவாள். சிலிண்டர் போடுகிறவர் இருமுவது, செய்தி வாசிக்கிற அம்மா தொண்டையைச் செருமுவது, எல்லாம். அதனால்தானே சிட்டு என்று பேரே வந்தது.

ஜனவரி 11, வியாழன்

மகன் ஆபீஸில் யாரோ சொன்னார்களாம். வீட்டில் வேறு மொழி பேசினால் பிள்ளை குழம்பிப்போகும், அதனால்தான் பேச்சு வரவில்லை என்று. இன்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டான். இங்கிலீஷில்தான் எழுதியிருக்கிறான், மருமகள் படித்துச் சொன்னாள். "இந்த வீட்டில் இங்கிலீஷ் மட்டும்."

"அம்மா, உனக்குக் கஷ்டம்தான். ஒரு ஆறு மாசம். சிட்டுவுக்காக."

"நான் என்னடா பேசப் போறேன்? வாயை மூடிக்கிட்டு இருக்கறது ஒரு கஷ்டமா?" என்றேன். அதுதான் கடைசி.

குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று ஃபாரத்தில் ஒரு கட்டம். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்? மகன் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தான். நான்தான் அவசரப்பட்டேன். "இங்கிலீஷ்னு போடுடா. வேற எதாச்சும் போட்டா பின்னாடி பெஞ்சுல உக்கார வெச்சிருவாங்க." போட்டான். பொய்யை மெய்யாக்கத்தான் இப்போது வீட்டையே மாற்றுகிறோம்.

அன்றைக்கு எடுத்த ஃபோட்டோதான் பள்ளிக்கூட நடையில் சுவரில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக, ஒவ்வொன்றின் கீழும் அது பேசுகிற மொழிகள். சிட்டு கடைசி நொடியில் தலையைத் திருப்பிவிட்டாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல். கீழே ஒரே சொல், இங்கிலீஷ்.

ஜனவரி 13, சனி

இரண்டு நாள். பேசாமல் வைத்த குரல் எங்கே போகும்?

ஜனவரி 19, வெள்ளி

மகன் ஆபீஸ் போய்விடுகிறான். மருமகள் முன்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வேலை. மூன்று மணிக்குச் சிட்டு வருகிறாள். செருப்பைக் கழற்றுகிற சத்தம், பையை வைக்கிற சத்தம், மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அவ்வளவுதான். நான் தட்டைக் காட்டுகிறேன், அவள் தலையாட்டுகிறாள். இங்கிலீஷ் அவளுக்கு வரவில்லை, தமிழ் கூடாது. என்னிடம் பேசிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்சமும் போயிற்று.

மருமகள் என்னிடம் இரண்டே இங்கிலீஷ் சொல் வைத்திருக்கிறாள். கம், கோ. நாய்க்குட்டிக்குக்கூட மூன்று சொல்வார்கள், கூடவே சிட் என்று.

நான் ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். இப்போது எனக்கு வாய் இந்தக் கைதான். நோட்டை அலமாரியில் கடைசித் தட்டில், கம்பளித் துணிகளுக்கு அடியில் வைக்கிறேன்.

ஜனவரி 24, புதன்

இன்று ஒன்று நடந்தது. எழுதும்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

சர்க்கரைக்காக நாலு மணிக்கு நடக்கப் போவேன். பூங்காவை மூன்று சுற்று, பெஞ்சில் கொஞ்ச நேரம், ஐந்து மணிக்கு வீடு. இன்றும் அப்படித்தான். கதவைத் திறந்தால் மருமகள் முகம் சுருங்கி நிற்கிறாள். கட்டளையை மீறித் தமிழிலேயே பேசினாள், அவ்வளவு கோபம்.

"அத்தை, நாம பேசி வெச்சோம்ல? பிள்ளை முன்னாடி வேண்டாம்னு. ரூமுக்குள்ள உக்காந்து இவ்வளவு நேரமா பேசிட்டு இருந்தீங்க. ஹெட்போன் போட்டும் கேக்குது."

"எப்ப?"

"இப்பதான். நாலரை இருக்கும்."

நான் காலைக் காட்டினேன். ஷூவைக்கூட இன்னும் கழற்றவில்லை. குளிரில் மூக்கெல்லாம் சிவந்திருந்தது. அவள் என் ஷூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

அவள் அதற்கப்புறம் என் அறைப் பக்கமே வரவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

போன ஞாயிறு தங்கச்சி கேட்டேவிட்டாள். "எல்லார் கதையும் சொன்னே, சிட்டு எப்படி இருக்கா? ஒரு ஃபோட்டோகூட அனுப்ப மாட்டேங்கறே." வாய் தானாகச் சொன்னது, "வகுப்புல அவதான் முதல். இங்கிலீஷ் மழையா கொட்டுறா." ஐந்து நாளாக இது தொண்டையில் நிற்கிறது.

எல்லாரைப் பற்றியும் சொல்ல ஒன்று இருக்கிறது. இவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊமைப் பிள்ளை. இவளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

— சீ. என்ன எழுதிவிட்டேன். மேலே இருப்பதை நாலு கோடு போட்டு அடித்துவிட்டேன். யார் கண்ணுக்கும் தெரியாது. தாளைக் கிழிக்க மனம் வரவில்லை, பின்பக்கம் வேறு எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

நோட்டில் பேனாவை எழுதின பக்கத்தில் செருகி மூடுவேன். இன்று பேனா ஜனவரி பக்கத்தில் இருந்தது. கட்டிலில் நான் உட்காருகிற இடம் சூடாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். நான் ஒரு மணி நேரமாக வீட்டிலேயே இல்லை.

மறதியோ? பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள்தான். கடைசி வரை வந்தது. மறதி இல்லை. அப்புறம் என்ன?

பிப்ரவரி 7, புதன்

கேட்டேன். நானே கேட்டேன்.

வேண்டுமென்றே ஒரு சுற்றோடு திரும்பினேன். சாவி போட்டுச் சத்தமில்லாமல் திறந்தேன். முன்னறையில் மருமகள் முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ வேலை பேசிக்கொண்டிருக்கிறாள். நடையில் நடந்தேன். என் அறைக் கதவு சாத்தியிருந்தது.

உள்ளே நான் பேசிக்கொண்டிருந்தேன்.

என் குரல்தான். அந்த இழுவை, மூச்சு வாங்குகிற இடம், பல் போன இடத்தில் ஸ என்று காற்று போகிறது — எல்லாம் நான். மெதுவாக, ஒரே சீராக. சொற்கள் பிடிபடவில்லை, கதவு தடிமன். நான் வெளியே நிற்கிறேன், என் வாய் மூடியிருக்கிறது, கையால் தொட்டும் பார்த்தேன். உள்ளே நான் பேசுகிறேன்.

கதவைத் திறக்கக் கை வரலை. என்னத்தப் பாக்கப் போறேன்? நானே உக்காந்திருந்தா?

வெளியே போய் வாசல் மணியை அடித்தேன். சிட்டு வந்து திறந்தாள். உதடு ஒட்டியிருந்தது. அவளுக்குப் பின்னால் என் அறைக் கதவு திறந்து கிடந்தது. யாருமில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

பூங்கா பெஞ்சிலிருந்துதான் தங்கச்சியிடம் பேசுவேன், வீட்டில் தமிழ் கூடாதே. "என்னடி, சாப்பிட்டியா?" என்றேன்.

"யாரு பேசறது?"

"நான்தான்டி."

"நீங்க யாருங்க? அக்காகிட்ட குடுங்க."

பேசப் பேசத்தான் நம்பினாள். தொண்டை கட்டியிருக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். வாரம் முழுக்கப் பேசாத தொண்டை, துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி கிறீச்சிட்டது. எனக்கே என் குரல் பழக்கமில்லை. ஐம்பது வருஷமாக என் சத்தத்தைக் கேட்டவளுக்கே தெரியவில்லை.

அப்படியானால் என் குரல் என்னிடம் இல்லை. வீட்டில், அந்த அறையில் இருக்கிறது.

பிப்ரவரி 15, வியாழன்

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம். மருமகள் படிக்கும்போதே குரல் உடைந்தது. ஒரே மொழி பேசுகிற வீட்டுப் பிள்ளை, ஆறு மாதமாக அந்த மொழியில் ஒரு சொல் பேசவில்லை, எழுதவில்லை. குறை வேறெங்கோ இருக்கிறது என்று நினைக்கிறார்களாம். பேச்சும் புத்தியும் வளராத பிள்ளைகளுக்கென்று ஊர்க் கோடியில் தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறதாம். மார்ச் 4 கூட்டம். பெற்றோர் அன்று கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரமே மாற்றிவிடுவார்கள்.

மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?" என்றான்.

சிட்டு சோபாவின் மூலையில், கால்களைக் கட்டிக்கொண்டு எங்கள் மூன்று பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சிட்டு பையில் ஆறு பொத்தான்கள். சட்டைப் பொத்தான் மாதிரி வட்டம், ஆனால் உள்ளங்கை அகலம், சிவப்பு. பக்கத்தில் இருக்கிற விசையை அழுத்திக்கொண்டு பேசினால் பதிந்துவிடுகிறது, நடுவில் அமுக்கினால் திருப்பிச் சொல்கிறது. இங்கிலீஷ் புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்கென்று ஒரு டீச்சர் இருக்கிறாராம், மொழி டீச்சர். சிட்டு அவர் பட்டியலிலேயே இல்லை, ஃபாரத்தில்தான் இங்கிலீஷ் என்று இருக்கிறதே. ஆனாலும் அவர் என்ன நினைத்தாரோ, பேசாத பிள்ளை வீட்டில் தனியாக எதையாவது பேசிக் கொண்டுவரட்டும் என்று கொடுத்துவிட்டாராம்.

மருமகள் "ட்ரை, ட்ரை" என்று கெஞ்சினாள். சிட்டு பொத்தான்களைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

பிப்ரவரி 26, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து போன். மருமகள் பேசிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"அத்தை, பொத்தான்ல நீங்களா பேசினீங்க?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"ஆறுலயும் ஒரு வயசான பொம்பளை குரலாம். என்ன பாஷைன்னே அவங்களுக்குத் தெரியல. 'உங்க வீட்ல இங்கிலீஷ் மட்டும்தானே, அப்ப இந்தக் கிழவி யாரு'ன்னு கேக்கறாங்க." கையைப் பிசைந்தாள். "அவளோட கடைசி வாய்ப்பு அத்தை அது. அதையும் நீங்களே..."

அழுதுகொண்டே போய்விட்டாள்.

நான் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை.

பிப்ரவரி 28, புதன்

மொழி டீச்சர் கூப்பிட்டிருந்தார், பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்தேன். உட்கார்ந்து வரிசையாக எழுத வேண்டும், தப்பாமல்.

மருமகள் காரிலேயே இருந்துவிட்டாள், அவளுக்கு வேலை அழைப்பு. நடையில் ஃபோட்டோச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். கலங்கல் முகம் அப்படியே இருந்தது. மொழி டீச்சர் சின்னப் பெண், என் மகளைவிட இளசு. குட்டி நாற்காலிகள் போட்ட சின்ன அறை. மொழிபெயர்க்கச் சாப்பாட்டு அறையில் பரிமாறுகிற அம்மாவைக் கூட்டி வந்திருந்தார். தமிழ்க்காரி. கையில் கரண்டியோடேயே வந்துவிட்டாள், கீழே வைக்க மறந்துபோய். மனதுக்குள் அவளுக்குக் கரண்டிக்காரி என்று பேர் வைத்துவிட்டேன்.

"வாங்க பெரியம்மா. இந்த நாற்காலியில உக்காந்தா எந்திரிக்க நான்தான் கை குடுக்கணும், பரவால்ல உக்காருங்க."

டீச்சர் முதல் பொத்தானை அமுக்கினார்.

"ஜனவரி பதின்மூன்று, சனி. இரண்டு நாள். பேசாமல் வைத்த குரல் எங்கே போகும்?"

என் குரல். சின்ன மேஜை மேல், சிவப்பு வட்டத்துக்குள்ளிருந்து. கிழமையும் தேதியும் சொல்லிவிட்டு யார் பேசுவார்கள்? அப்படிப் பேசுகிறவர்கள் இல்லை. அப்படி எழுதுகிறவள் ஒருத்தி இருக்கிறாள்.

இரண்டாவதில் மருமகளும் நாய்க்குட்டியும். கரண்டிக்காரி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று, நாலு, எல்லாம் என் பக்கங்கள். ஐந்தாவது —

"...ஊமைப் பிள்ளை. இவளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்."

அடித்தது. நாலு கோடு போட்டு அடித்த வரி. கோட்டுக்கு அடியிலிருந்து என் குரல் அதை எடுத்துச் சொல்கிறது, ஒரு சொல் தடுக்காமல், நான் சொன்னால் எப்படிச் சொல்வேனோ அப்படியே. பிறகு பொத்தானுக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

கரண்டிக்காரி என்னைப் பார்க்கவில்லை, கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் ஏதோ கேட்டார்.

"இது நீங்கதானான்னு கேக்கறாங்க பெரியம்மா. பிள்ளை குரலா இருந்தா நல்லா இருக்குமேன்னு ஒரு ஆசை அவங்களுக்கு. ஆனா கேட்டா வயசானவங்க மாதிரிதான் இருக்கு."

இல்லை என்றால் நோட்டைக் காட்ட வேண்டும். நோட்டைக் காட்டினால் மகன் படிப்பான், மருமகள் படிப்பாள், தங்கச்சியிடம் சொன்ன பொய்வரை எல்லாம் சபையில் வரும். அறுபத்தெட்டு வருஷம் தலைநிமிர்ந்து இருந்தவள்.

"நான்தான்," என்றேன். "நான்தான் பேசினேன்."

டீச்சர் முகம் விழுந்தது. ஆறு பொத்தான்களையும் மெதுவாக ஒரு டப்பாவில் போட்டு மூடினார்.

மார்ச் 1, வெள்ளி

காலையில் அடுப்பைப் பற்றவைத்து நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷ வேலை.

சிட்டு பள்ளிக்கூடம் போயிருந்தாள். எரித்துவிட்டால் நாலு மணிக்கு மேல் என் அறைக்கு வந்து கம்பளியை விலக்கிப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. அதற்கப்புறம் இந்த வீட்டில் யார் குரல்தான் மிஞ்சும்?

அடுப்பை அணைத்தேன்.

மார்ச் 2, சனி

நடக்கப் போகிற மாதிரி வெளியே போய், பாதியில் திரும்பினேன். நாலரைக்குக் கதவுக்கு வெளியே நின்றேன். குரல் வந்தது. இந்த முறை காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். "பெரிய பேரன், மகள் வயிற்றுப் பிள்ளை..." பேரன், அவன் தம்பி, தங்கை, மூன்று கோப்பை, அலமாரி. "கடைசியாக என் மகனுடைய மகள் சிட்டு... மூன்றாம் வகுப்பு" என்றது. அங்கே நின்றது. நான் நிறுத்திய இடம். அந்த இடத்தில் குரல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடி அங்கேயே நின்றது. மூன்று தடவை.

தனக்கு என்ன எழுதியிருக்கிறேன் என்று தேடுகிறாள். இல்லாததைத் தேடுகிறாள்.

மார்ச் 4, திங்கள்

கூட்டம். தலைமையாசிரியை, மொழி டீச்சர், மகன், மருமகள், கரண்டிக்காரி (இன்று கரண்டி இல்லை), நான். என்னை வர வேண்டாம் என்றார்கள், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சிட்டு வெளியே நடையில், சுவரில் தன் ஃபோட்டோவுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள். முகம் இல்லாத படம் மேலே, பேசாத பிள்ளை கீழே.

மேஜையில் ஃபாரம். தலைமையாசிரியை பேசினார், மகன் தலையாட்டினான், பேனாவைத் திறந்தான்.

"நிறுத்துடா."

எல்லாரும் திரும்பினார்கள். இரண்டு மாதம் பூட்டியிருந்த தொண்டை, கரகரவென்று.

"அம்மா, இங்க இங்கிலீஷ்ல—"

"எனக்குத் தெரிஞ்சது இதுதான். இதுலதான் சொல்லுவேன்." கரண்டிக்காரியைப் பார்த்தேன். "புதன்கிழமை பொய் சொன்னேன்னு டீச்சர்கிட்ட சொல்லும்மா. அது என் குரல் இல்ல. அது அவ."

நோட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

மகன் நம்பவில்லை. "சிட்டுவா? அது உன் குரல்மா, நீயே ஒத்துக்கிட்டியே." மருமகள் மட்டும் என்னையே பார்த்தாள். என் ஷூவைப் பார்த்த அன்று பார்த்த மாதிரி. "நாலரைக்கு அத்தை வீட்ல இல்லங்க," என்றாள் மெதுவாக. "அன்னைக்கு ஷூவோட நின்னாங்க."

டீச்சர் டப்பாவைக் கொண்டுவந்தார். கரண்டிக்காரி நோட்டைத் திறந்து பொத்தான் சொன்ன தேதியைத் தேடி எடுத்தாள். ஒரு பொத்தான், ஒரு பக்கம். என் குரல் பேசப் பேச அவள் விரல் என் வரிகளின் கீழே ஊர்ந்தது. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. எட்டு வயதுப் பிள்ளை, அதன் பாட்டியின் கையெழுத்தை, ஒரு தடுக்கலும் இல்லாமல்.

நாய்க்குட்டி வந்தது. மருமகள் பக்கம் நான் திரும்பவில்லை.

ஐந்தாவது வந்தது. விரல் அந்த அடித்த வரிக்கு வந்து நின்றது. பொத்தான் பேசி முடித்தது, உறிஞ்சல் கேட்டது. மகன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். கரண்டிக்காரி மொழிபெயர்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லும்மா."

"வேண்டாம் பெரியம்மா. இதை விட்டுருவோம்."

"எழுதினவ நான். அப்படியே சொல்லு."

சொன்னாள். அந்தச் சொல் எல்லாம் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. டீச்சர் கண் நிறைந்ததை வைத்து, அதிலும் அவ்வளவு மோசமாகத்தான் இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

பிறகு டீச்சர் பேசினார், வேகமாக. கரண்டிக்காரி மூச்சு விடாமல் தமிழில் கொட்டினாள். "அடிச்ச எழுத்தைக்கூடப் படிக்கிற பிள்ளைக்கா குறைன்னு கேக்கறாங்க. வேற மொழியில வளர்ந்த பிள்ளைங்க முதல்ல கேட்டுக்கிட்டே இருக்குமாம், சிலது ஒரு வருஷம்கூட வாயைத் திறக்காதாம், அது குறை இல்லையாம். வீட்ல தமிழ்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா முதல் நாளே என்கிட்ட வந்திருப்பாளேங்கறாங்க. வீட்ல பேச்சை நிறுத்தச் சொன்னது யாரு, நாங்க சொல்லவே இல்லையேங்கறாங்க."

மகன் தரையைப் பார்த்தான். நான் கையைத் தூக்கினேன், ஐந்தாம் வகுப்பில் தூக்கின மாதிரி.

"ஃபாரத்துல இங்கிலீஷ்னு போடச் சொன்னது நான்."

தலைமையாசிரியை மகனின் பேனாவுக்கு அடியிலிருந்து தாளை இழுத்துக்கொண்டார். மாற்றல் இல்லை. மொழி டீச்சரிடம் தினம் ஒரு மணி நேரம், தமிழில் யோசித்து இங்கிலீஷில் சொல்லிப் பழக. வீட்டில் எவ்வளவு தமிழ் பேச முடியுமோ அவ்வளவும் பேச வேண்டும். இது அவர்கள் கட்டளை.

மார்ச் 5, செவ்வாய்

ஃபிரிட்ஜிலிருந்து தாளை மருமகளே கிழித்துப் போட்டாள். சாப்பாட்டு மேஜையில் நாற்காலியை இழுத்து, என்னைப் பார்த்து, "சிட், அத்தை," என்றாள். "மூணாவது பாக்கி இருந்துச்சுல்ல?" முதலில் அவள் சிரித்தாளா, நான் அழுதேனா, தெரியவில்லை.

சாயங்காலம் நான் நடக்கப் போகவில்லை. கட்டிலில் சிட்டு, நடுவில் நோட்டு.

"ஏன்டி பாட்டி குரல்ல படிச்சே?"

நோட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, என் குரலிலேயே சொன்னாள். சின்ன வாய், உள்ளேயிருந்து கிழவி. "வீட்ல யாருமே பேசல. இப்படிப் படிச்சா பாட்டி பேசற மாதிரி இருந்துச்சு."

"அந்த அடிச்ச வரி..."

"அதைத்தான் நிறைய தடவை படிச்சேன். அடிச்சிருந்துச்சுல்ல, அதான்." மூக்கை உறிஞ்சினாள். இப்போது அவள் குரல், எட்டு வயதுக் குரல், ஜனவரிக்கு அப்புறம் முதல் தடவை. "அது நெசமா பாட்டி?"

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பொய் சொல்லித்தானே இவ்வளவு தூரம் வந்தோம்.

"எழுதின அன்னைக்கு நெசம். அடிச்சப்பவே நெசம் இல்ல."

அவள் யோசித்தாள். தலையாட்டினாள். என் மடியில் தலை வைக்கவில்லை, கையையும் பிடிக்கவில்லை. நோட்டை எடுத்துக் கம்பளிக்கு அடியில், எப்போதும் இருக்கிற இடத்தில், பேனாவைச் சரியான பக்கத்தில் செருகி வைத்தாள்.

மார்ச் 10, ஞாயிறு

தங்கச்சியிடம் உண்மையைச் சொன்னேன். "என் பேரனும் கணக்குல ஃபெயில்தான்," என்றாள். இரண்டு பேரும் இவ்வளவு நாள் எதை எடுத்துப் பேசிக்கொண்டிருந்தோமோ.

மார்ச் 18, திங்கள்

இன்று நடந்துவிட்டு வந்தேன். என் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குரல். கையைக் கதவில் வைத்து, "யாரு உள்ள?" என்றேன்.

"நான்தான்," என்றேன் உள்ளேயிருந்து.

வெளியே நின்றவளுக்கு ஒரு நொடி தன் குரல் எது என்று தெரியவில்லை. இன்றும் பேசும்போது அப்படித்தான் இருக்கிறது, அவளிடமிருந்து இரவல் வாங்கிப் பேசுகிற மாதிரி. வைத்துக்கொள்ளட்டும். அவள் காப்பாற்றி வைத்த குரல்தானே.

நாளை நாலரைக்கு நீ இதைப் படிப்பாய், எனக்குத் தெரியும். அதனால் ஜனவரியில் நின்ற இடத்திலிருந்து எழுதுகிறேன், இந்த முறை தேட வேண்டாம்.

பெரிய பேரன், மகள் வயிற்றுப் பிள்ளை, டாக்டர் படிப்பு. அவன் தம்பி கம்ப்யூட்டர். அவர்கள் தங்கைக்கு மூன்று கோப்பை. கடைசியாக என் மகனுடைய மகள் சிட்டு, எட்டு வயது. அடித்த எழுத்தையும் படிப்பாள். ஒரு வீடே வாயடைத்துக் கிடந்தபோது தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வரிசையில் நின்று, கரண்டிக்காரியைப் பார்த்து, இங்கிலீஷில், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாளாம். யார் குரலில் கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. அவள் சொந்தக் குரலில்தான் என்று அந்த அம்மா தானாகவே சொன்னாள்.

ஃபோட்டோவுக்குக் கீழே இப்போது இரண்டு மொழி எழுதியிருக்கிறார்களாம், தமிழ் முதலில். மேலே மட்டும் அந்தக் கலங்கல் அப்படியே இருக்கிறதாம். அடுத்த தடவை தலையைத் திருப்பாமல் நில். உன் டீச்சரிடம் நீயே கேள், எந்த மொழியில் வந்தாலும் சரி. முகம் தெரிகிற மாதிரி ஒரு புது ஃபோட்டோ எடுத்து அங்கே ஒட்டச் சொல்.